சூரியனுக்கு போர் போட்டது யார்?

2024 ஜனவரி 6, சாயங்காலம். ஆதித்யா-எல்1 விண்கலம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா முதல் ஷிப்ட் முடித்து வந்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, டீ குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன்டா, சூரியன்ல ஹைட்ரஜன் இருக்கு, ஹீலியம் இருக்குன்னு சொல்றானுங்களே, யார் போய் எடுத்துட்டு வந்தது? கீழ நிலக்கரி இருக்கான்னு பார்க்கவே நாங்க போர் போட்டு சாம்பிள் எடுத்துத்தான் சொல்றோம். சூரியனுக்கு யாருடா போர் போட்டது?"

அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கிறவர். அவருடைய உலகத்தில், தோண்டாமல் ஒன்றைப் பற்றிப் பேசுவது வெட்டிப்பேச்சு. நான் பிளஸ் டூ. இயற்பியலில் சுமாராக மார்க் வாங்குகிற பையன். கெத்தாகச் சொன்னேன்: "நிறமாலைப்பா. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வரி நிறமாலை இருக்கு. அதை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க."

"நீ பார்த்திருக்கியா?"

"..."

"பார்த்ததில்லையா? அப்ப நீயும் யாரோ சொன்னதைத்தான் சொல்ற." டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், பன்னிரண்டு வருஷப் படிப்பில் என்னிடம் கேட்கப்பட்ட உருப்படியான கேள்விகளில் அது ஒன்று. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோது எனக்கு ஏற்பட்ட ஒரு கருத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். மொக்கை என்று தோன்றினால் நடுவில் எழுந்து போய்விடலாம், அப்பா மாதிரி :-)

முதலில் ஒரு பாவமன்னிப்பு.

அடுத்த மாதமே எங்களுக்கு பிராக்டிகல் தேர்வு. எனக்கு வந்த சோதனை, விளிம்பு விளைவுக் கீற்றணியையும் நிறமாலைமானியையும் வைத்துப் பாதரச விளக்கின் நிறங்களுக்கு அலைநீளம் கண்டுபிடிப்பது. பிளஸ் டூ படித்தவர்களுக்கு நினைவிருக்கும். இருட்டறை, ஒரு மேஜை, ஒரு தொலைநோக்கிக் குழாய், வெர்னியர் அளவுகோல், கழுத்து வலி. பச்சைக் கோட்டின் அலைநீளம் 546.1 நானோமீட்டர் என்று வகுப்பில் எல்லாருக்கும் மனப்பாடம். எனக்கு வந்தது 553.

என்ன செய்தேன் தெரியுமா? 546.1 என்ற விடையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். கோணம் 19 டிகிரி 8 நிமிடம் வர வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி வெர்னியர் அளவீடுகளை மாற்றி எழுதினேன். சந்தேகம் வரக்கூடாது என்று விடையைச் சரியாக 546.1 என்று போடாமல் 547 என்று போட்டேன். (அதுவும் சீனியர்கள் வழிவழியாகச் சொல்லிக் கொடுத்த கலைதான்.) மார்க் முழுசாக வந்தது. இதைப் படிக்கும் என் வகுப்புத் தோழர்களில் எத்தனை பேர் இதைச் செய்யவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும் பார்க்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 553 தப்பான எண் இல்லை. பிறகு ஒருநாள் சும்மா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீட்டருக்கு 6 லட்சம் கோடுகள் உள்ள கீற்றணியில், ஒரு பக்க அளவீட்டில் மட்டும் அரை டிகிரி தவறவிட்டால், கோணத்தில் கால் டிகிரி கூடி, விடை சரியாக 553 வரும்! முதன்மை அளவுகோலில் டிகிரிக்கு நடுவே அரை டிகிரிக்கு ஒரு சின்னக் கோடு இருக்கும். அதை நான் பார்க்கத் தவறியிருக்கிறேன். அந்த எண் என்னிடம் "டேய், அரை டிகிரியை விட்டுட்டடா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தேர்வெல்லாம் முடிந்த லீவில், அப்பா கேட்ட கேள்வி மறுபடி குடைய ஆரம்பித்தது. வீட்டில் நிறமாலைமானி கிடையாது. ஆனால் பரணில் பழைய பாட்டு சி.டி.க்கள் ஒரு பை நிறையக் கிடந்தன. ஒரு சி.டி.யில் தடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். அதாவது மீட்டருக்கு 6 லட்சத்து 25 ஆயிரம் கோடுகள். லேபில் "கை படக்கூடாது, விலை ஜாஸ்தி" என்று மிரட்டிக் காட்டும் கீற்றணியும் ஏறக்குறைய அதேதான்! அது நம் வீட்டில் காக்காய் விரட்ட மாடித் தோட்டத்தில் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு செருப்புப் பெட்டி எடுத்துக்கொண்டேன். ஒரு முனையில் சின்ன ஓட்டை போட்டு, இரண்டு ஷேவிங் பிளேடுகளை விளிம்போடு விளிம்பு, முடி அளவு இடைவெளி விட்டு ஒட்டினேன். எதிர் முனையில் சி.டி. துண்டு ஒன்று, சாய்வாக. அதற்கு மேலே எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை. உள்ளே எல்லாப் பக்கமும் கருப்புத் தாள். அவ்வளவுதான். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. பிளேடு இடைவெளி அகலம். அதைச் சரிசெய்து, மொட்டைமாடிக்குப் போய், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருந்த வெள்ளை மேகத்தைப் பார்த்தேன்.

வானவில் பட்டை தெரிந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பட்டையில் செங்குத்தாக மெல்லிய கருப்புக் கோடுகள். மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தை ஒட்டி ஒன்று. சி.டி.யில் கீறலோ, பிளேடில் தூசியோ என்று நினைத்து, வேறு துண்டு மாற்றிப் பார்த்தேன். கோடுகள் அதே இடத்தில்! புத்தகத்தில் படமாகப் பார்த்து, இரண்டு மார்க் கேள்வியாக எழுதிய ஃபிரானோஃபர் வரிகள், எங்கள் வீட்டு மொட்டைமாடியில், செருப்புப் பெட்டிக்குள்.

மஞ்சளில் இருப்பது சோடியம். பச்சையில் மெக்னீசியம். நீலத்தில் ஹைட்ரஜன். சூரியனின் சாம்பிள் பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி, எட்டு நிமிஷத்தில், தினமும் நம் வீட்டு மாடிக்கு இலவச டெலிவரி ஆகிக்கொண்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கோடு தெரியுது. அது சோடியம்னு எப்படிச் சொல்ற? கோட்டு மேல பேரா எழுதியிருக்கு?" என்றார். மனுஷன் விடவே மாட்டார்.

நல்லவேளை, இந்தத் தடவை பதில் இருந்தது. சமையலறைக்குப் போனோம். சாம்பார் பொங்கி வழிந்தால் காஸ் அடுப்பின் நீலத் தீ மஞ்சளாக மாறுவதை எல்லார் வீட்டிலும் பார்த்திருப்போம். அந்த மஞ்சள், உப்பில் உள்ள சோடியம். கம்பி முனையை உப்புத் தண்ணீரில் நனைத்துத் தீயில் காட்டி, பெட்டி வழியாகப் பார்த்தால் ஒரே ஒரு பளிச் மஞ்சள் கோடு. பெட்டிக்குள் நான் பென்சிலால் போட்டிருந்த குறிக்கு நேராக, வானத்தில் கருப்புக் கோடு இருந்த அதே இடம். அப்பா இரண்டு தடவை மாடிக்கும் சமையலறைக்கும் போய் வந்தார். அப்புறம், "ம்ம்" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

"அடுப்புல வெளிச்சமா இருக்கிற கோடு, வானத்துல ஏன் கருப்பா இருக்கு?" என்று அம்மா கேட்டார். இதற்கான விடையை எங்கள் ஊர் தெருவிளக்கில் பார்த்தேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வட்டம் முழுக்க ராத்திரியில் மஞ்சளாக இருக்கும். சோடியம் விளக்குகள். இப்போது எங்கள் தெருவில் எல்லாம் வெள்ளை எல்.ஈ.டி. அதைப் பெட்டியில் பார்த்தால் கோடே இல்லாத வழவழப்பான பட்டை. சுத்த போர். சைக்கிளில் சுற்றித் தேடியதில் ஒரு மூலையில் பழைய சோடியம் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பெட்டியை நீட்டினேன். அடுப்பில் பார்த்த மாதிரி பளிச்சென்ற மஞ்சள் கோடு வரும் என்று நினைத்தால், அகலமான மஞ்சள் பட்டை, அதன் நடுவில், சோடியம் கோடு இருக்க வேண்டிய அதே இடத்தில், கருப்பு! எங்கே அதிக வெளிச்சம் இருக்க வேண்டுமோ அங்கே இருட்டு.

பழைய பழக்கம் என்றால் "பெட்டி சரியில்லை" என்று முடிவு கட்டியிருப்பேன். இந்த முறை நம்பினேன். வீட்டுக்கு வந்து படித்தேன். அந்தத் தெருவிளக்கில் சோடியம் ஆவி அதிக அழுத்தத்தில் இருக்கிறது. நடுவில் உள்ள ஆவி கடும் சூட்டில் மஞ்சள் ஒளியைக் கொட்டுகிறது. குழாய்ச் சுவரை ஒட்டிய ஆவி கொஞ்சம் சூடு குறைவு. அதிலும் சோடியம் அணுக்கள்தான். உள்ளிருந்து வரும் ஒளியில் தங்களுக்கு உரிய மஞ்சளை மட்டும் இவை பிடித்துக்கொள்கின்றன. ஆகவே அந்த இடம் இருட்டாகிறது. சூரியனிலும் இதுதான் நடக்கிறது. அடியில் சூடான அடுக்கு எல்லா நிறத்தையும் அனுப்புகிறது. மேலே உள்ள கொஞ்சம் குளிர்ந்த வாயு, தன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை விடுகிறது. 1859இல் கிர்க்காஃப் கண்டு சொன்னது இதைத்தான். சூரிய ஒளியைச் சோடியம் சுடர் வழியாக அனுப்பினார். கருப்புக் கோடு வெளிச்சமாக நிரம்பும் என்று பார்த்தால், இன்னும் கருப்பாகிவிட்டது. "அட, மாறி வருகிறதே" என்று அதைத் தூக்கிப் போடாமல் ஏன் என்று யோசித்தார். அன்றைக்குத்தான் நட்சத்திரங்களின் வேதியியல் பிறந்தது.

அதற்கு 45 வருஷம் முன்பே, 1814இல், கோடுகளை எண்ணிப் படம் போட்டவர் ஃபிரானோஃபர். பேராசிரியராக அல்ல, கண்ணாடிப் பட்டறையில் தொழில் கற்று மேலே வந்தவர். 500க்கும் மேற்பட்ட கோடுகளை எண்ணினார். அவை என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலே நேர்மையாகக் குறித்து வைத்தார். நடுவில் 1835இல் ஆகஸ்ட் காம்ட் என்ற தத்துவமேதை, நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதனால் ஒருபோதும் அறிய முடியாது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். பாவம், கிர்க்காஃப் காலம் வரும்வரை அவர் உயிரோடு இல்லை.

இதெல்லாம் ஐரோப்பாவில் நடந்த கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். அடுத்த கட்டம் நம் பக்கத்தில் நடந்தது. 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன். மசூலிப்பட்டினத்தில், நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன். எல்லோர் கையிலும் நிறமாலை காட்டி. சந்திரன் சூரியனை மறைத்த அந்தச் சில நிமிஷங்களில், விளிம்பில் சுடர் போல எழும் வாயுவில் பளிச்சென்று கோடுகள் தெரிந்தன. அதில் மஞ்சள் கோடு ஒன்று. பலரும் சோடியம் என்று எடுத்துக்கொண்டார்கள். பட்டியலில் இருப்பது அதுதானே? அக்டோபரில் லண்டனில் லாக்யர், கிரகணம் இல்லாமலேயே அந்தக் கோட்டைப் பார்த்து இடத்தை அளந்தார். சோடியத்தின் டி1, டி2 இரண்டோடும் சேரவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றது. பூமியில் எவரும் பார்த்திராத தனிமம் என்று சொல்லி, சூரியனின் கிரேக்கப் பெயரை வைத்து ஹீலியம் என்றார். பலர் நம்பவில்லை. 1895இல் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து அதே கோட்டைத் தரும் வாயுவைப் பிரித்தெடுக்கும் வரை, 27 வருஷம், ஹீலியம் வெறும் ஒரு கோடாக மட்டும் இருந்தது.

(ஒரு சின்னத் திருத்தம். "ஃபிரானோஃபர் வரிகளில் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்டது" என்று சில கைடுகளில் பார்த்தேன். அது கருப்புக் கோடு அல்ல, வெளிச்சக் கோடு. நம் செருப்புப் பெட்டியில் மேகத்தைப் பார்த்தால் அது தெரியாது.)

நம்பி ஏமாந்த கதையும் உண்டு. 1869 கிரகணத்தில் சூரியனின் கரோனாவில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. 530.3 நானோமீட்டர். எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. ஹீலியம் கொடுத்த தைரியத்தில் இதற்கும் "கரோனியம்" என்று பெயர் வைத்தார்கள். எழுபது வருஷம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அது புதுத் தனிமம் அல்ல, நம் பழைய இரும்பு. 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. அப்படி இழக்க வேண்டுமானால் அங்கே 10 லட்சம் டிகிரிக்கு மேல் சூடு இருக்க வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 6000 டிகிரிதான். அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போக வெப்பம் ஏறுமா? ஏன் ஏறுகிறது என்ற கேள்விதான் இன்றைக்கும் ஆராய்ச்சி. அன்று டி.வி.யில் காட்டிய ஆதித்யா-எல்1இல் உள்ள கரோனா கருவி, அதே 530.3 பச்சைக் கோட்டைப் பார்க்கத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஆக, ஹீலியம் விஷயத்தில் யூகம் சரி, கரோனியம் விஷயத்தில் தப்பு. ஆனால் இரண்டிலுமே யாரும் அளவீட்டைத் திருத்தி எழுதவில்லை. அதனால்தான் தப்பும்கூட பிற்பாடு பயன்பட்டது.

இனி, என்னைத் தூங்கவிடாத கதைக்கு வருகிறேன்.

கோடு இருந்தால் தனிமம் இருக்கிறது. சரி. கோடு அழுத்தமாக இருந்தால் தனிமம் அதிகமா? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். சூரிய நிறமாலையில் கால்சியம், இரும்புக் கோடுகள் பிரமாதமாக இருக்கும். எனவே சூரியனும் ஏறக்குறைய பூமி போன்ற சரக்குதான் என்று முடிவு. 1920இல் கல்கத்தாவில் மேகநாத் சாகா, டாக்கா பக்கத்துக் கிராமத்தில் சின்னக் கடை வைத்திருந்தவரின் மகன், ஒரு சமன்பாடு எழுதினார். எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில், ஒரு தனிமத்தின் அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று சொல்லும் சமன்பாடு. அதன் பொருள் என்னவென்றால், கோட்டின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அளவு மட்டும் இல்லை, சூடும்தான். 6000 டிகிரியில் கால்சியம் கொஞ்சம் இருந்தாலே பெரிய சத்தம் போடும். ஹைட்ரஜன் மலைபோல் இருந்தாலும், அதன் அணுக்களில் மிகச் சிறு பகுதிதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும் நிலையில் இருக்கும். வகுப்பில் சத்தம் போடுகிறவன் ஒருவன், பேசாமல் இருப்பவர்கள் நாற்பது பேர் என்கிற மாதிரி.

இந்தச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு ஹார்வர்டில் 25 வயதுப் பெண் ஒருவர், சிசிலியா பெய்ன், நட்சத்திர நிறமாலைகளைக் கணக்குப் போட்டார். ஹைட்ரஜனும் ஹீலியமும் மற்ற எல்லாவற்றையும் விட மலைக்கும் மடுவுக்குமான அளவில் அதிகம் என்று வந்தது. 1925 ஆய்வேடு. ஆனால் அந்தத் துறையின் பெரிய தலை ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், இது சாத்தியமே இல்லை என்றார். வேறு வழியில்லாமல் பெய்ன் தன் ஆய்வேட்டிலேயே, இந்த அளவுகள் பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்ற பொருளில் எழுதி வைத்தார். நான்கு வருஷம் கழித்து, 1929இல், வேறு வழியில் கணக்குப் போட்ட ரஸ்ஸல் அதே முடிவுக்கு வந்தார். இன்றைய கணக்கில், சூரியனின் நிறையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். சோடியம், கால்சியம், இரும்பு என்று நாம் பெட்டியில் பார்க்கும் பல கோடுகளுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்ந்து 2 சதவீதத்துக்கும் குறைவு.

இதைப் படித்தபோது எனக்கு என் 553 ஞாபகம் வந்தது. நான் எங்கே, அவர் எங்கே. ஒப்பிடவே கூடாது. என்னுடையது சோம்பேறித்தனம், அவருடையது நெருக்கடி. அதோடு, அவர் எண்களை மாற்றவில்லை. நம்பவேண்டாம் என்று எழுதினாரே தவிர, அளந்ததை அப்படியே அச்சில் விட்டுப் போனார். அதனால்தான் பின்னால் வந்தவர்களால் அவர் சொன்னது சரி என்று சொல்ல முடிந்தது. நாங்கள் செய்தது அதைவிட மோசம். அளவீட்டையே அழித்துவிட்டோம்.

என் கருத்து இதுதான். நம் பிராக்டிகல் வகுப்புகள் நிறமாலையைச் சொல்லித் தரவில்லை. "நீ பார்த்தது முக்கியமில்லை, புத்தகத்தில் உள்ள எண் முக்கியம்" என்பதைச் சொல்லித் தருகின்றன. விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையில், அளவீடு விடையோடு ஒத்துப்போகவில்லை என்றால் மாணவன் எதை மாற்றுவான்? கண்டிப்பாக அளவீட்டைத்தான். இந்தப் பாடத்தை நாங்கள் ரொம்ப நன்றாகக் கற்றுக்கொண்டோம். இதே கையோடு நாளைக்கு ஒருவன் மருந்துக் கம்பெனியில் சோதனை அறிக்கை எழுதுவான். ஒருவன் சுரங்கத்தில் மண் சரிவு அளவீடு எழுதுவான். "வர வேண்டிய" எண்ணை எழுதுவான். அங்கே அரை டிகிரி தவறினால் மார்க் போகாது, ஆள் போவான். இது எனக்கு விளையாட்டு இல்லை. என் அப்பா அந்தச் சுரங்கத்தில் இறங்குகிறவர்.

என்ன செய்யலாம்? நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். நிறமாலைமானி சோதனையில் பாதரச விளக்கோடு, மூடி போட்ட பெட்டியில் பெயர் எழுதாத இன்னொரு விளக்கு வையுங்கள். நியானோ, சோடியமோ, ஏதோ ஒன்று. "உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். விடைக்கு மார்க் குறைவாகவும், அளந்ததை அப்படியே எழுதி, பிழை எங்கே வந்திருக்கும் என்று யோசித்ததற்கு மார்க் அதிகமாகவும் கொடுங்கள். வருஷத்தில் ஒருநாள் எல்லோரையும் ஒரு சி.டி.யோடு மொட்டைமாடிக்கு அனுப்புங்கள்.

இதற்கு ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஒரு ஆசிரியரிடமே கேட்டேன். "நாப்பது பேருக்கு ரெண்டு ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்குப்பா. ஒருத்தனுக்குப் பத்து நிமிஷம்கூட வராது. வெளியிலிருந்து எக்ஸாமினர் வருவார். தப்பா வந்தா பையன் மார்க் போகும். நான் அவனுக்கு நேர்மையைச் சொல்லித் தரவா, மார்க் வாங்கித் தரவா?" என்றார். நியாயமான கேள்வி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு அவரிடம் இல்லை. பிழையோடு வந்த நேர்மையான விடைக்கும், பின்னாலிருந்து போட்ட அழகான விடைக்கும் எதற்கு மார்க் என்று தீர்மானிக்கும் முறையில் இருக்கிறது. ஆனால் செருப்புப் பெட்டிக்கு நாற்பது பேருக்கும் நாற்பது கிடைக்கும். அதற்கு எக்ஸாமினர் தேவையில்லை.

"இதெல்லாம் பெரிய பெரிய விஞ்ஞானிகள் செய்வது, நமக்கெதுக்கு" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கொடைக்கானலில் சூரியனை ஆராய ஒரு வானாய்வகம் இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்த பிறகு, சூரியனைப் பார்த்து மழையைக் கணிக்க முடியுமா என்ற எண்ணமும் அது பிறக்க ஒரு காரணம். மழைக் கணிப்பு கைகூடவில்லை. ஆனால் 1909இல் அங்கே எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் கோடுகள் லேசாக நகர்ந்திருப்பதைக் கவனித்தார். அதிலிருந்து அங்கே வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று கண்டார். எவர்ஷெட் விளைவு என்றே உலகம் அதைச் சொல்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயர். 1957இல் அவரும் வில்சனும், கால்சியம் கோட்டின் நடுவில் தெரியும் மெல்லிய ஒளியின் அகலத்தை வைத்தே ஒரு நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம் என்று காட்டினார்கள். கோடு என்ன, அதன் அகலம்கூடப் பேசுகிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

நம் ஊர்க் கதையை மறந்துவிட வேண்டாம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. "கிணற்றில் தண்ணீர்தானே வரணும், இது என்ன சனியன்" என்று மண்ணைப் போட்டு மூடியிருந்தால் நெய்வேலியே இல்லை. எதிர்பார்க்காதது வந்தபோது அவர் அதை மறைக்கவில்லை, என்ன என்று விசாரித்தார். என் அப்பாவின் சம்பளம், நான் படித்த பள்ளி, இந்தக் கட்டுரையை எழுதும் கரண்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவை. நான் மட்டும் 553ஐ மண் போட்டு மூடினேன்.

இப்போது கல்லூரியில் இயற்பியல்தான் எடுத்திருக்கிறேன். போன மாதம் லேபில் ஒரு அளவீடு தப்பாக வந்தது. அப்படியே எழுதி, கீழே "காரணம் தெரியவில்லை" என்று போட்டேன். இரண்டு மார்க் போச்சு. மறுநாள் காலையில் போய்த் திரும்பச் செய்து பார்த்தேன், காரணம் கிடைத்தது. இரண்டு மார்க் திரும்பக் கிடைக்கவில்லை. பரவாயில்லை.

யாராவது பெட்டி செய்து பார்த்தால், எத்தனை கோடு தெரிந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். எனக்கு இதுவரை ஆறு. ஏழாவது ஒன்று இருக்கிறதா இல்லையா என்று எனக்கும் அப்பாவுக்கும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. இருக்கிறது என்கிறார் அவர்.

டிஸ்கி: பெட்டியைச் சூரியனுக்கு நேராகத் திருப்பாதீர்கள். கண் போய்விடும். மேகம், வெள்ளைச் சுவர், சூரியன் இல்லாத பக்கத்து வானம் போதும். அடுப்புச் சோதனைக்கு அம்மாவின் அனுமதி கட்டாயம்.